அமுதசுரபியும் காற்சிலம்பும்

இரட்டைக் காப்பியங்களைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் தம் மாணவர்க்கு இரு பெண்களை அறிமுகப்படுத்துகின்றனர். ஒருத்தி அமுதசுரபியைக் கையிலேந்திப் பசித்தோர்க்குச் சோறிட்டவள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு மன்னனிடம் வேண்டிப் பெற்றவள். மற்றொருத்தி ஒற்றைச் சிலம்போடு அரசவை புகுந்தவள். அவள் எதனையும் வேண்டிப் பெற வந்தவள் அல்லள். தனக்குரிய நீதியைக் கேட்க வந்தவள். மணிமேகலையின் கலத்தையும் கண்ணகியின் சிலம்பையும் தமிழுலகம் ஒருங்கே போற்றி வந்திருக்கிறது. எனினும் இவ்விரண்டும் ஒரே அறத்தின் இரு பெயர்களா என்னும் வினாவைத் தமிழ் வகுப்பறைகள் அதிகம் எழுப்பியதில்லை.

பாண்டியன் நெடுஞ்செழியன் ஈயாத மன்னன் என்று இளங்கோவடிகள் எங்கும் பழி சுமத்தவில்லை. வார்த்திகன் தவறாகச் சிறைப்பட்டதை உணர்ந்தபோது, ஊர்களை வழங்கி மன்னிப்பு வேண்டியவன் என்றே கட்டுரை காதை அவனைக் காட்டுகிறது. ஆயினும் கண்ணகியின் முன் அவனுடைய வண்மை பயன்படவில்லை. நாடு முழுவதையும் அவள் காலடியில் கொட்டியிருந்தாலும் அவள் கேட்டதற்கு அது விடையாகியிராது. கொடையால் ஈடுசெய்ய இயலாத ஒன்று உண்டு என்பதும், அதற்கு உரிமை என்று பெயர் என்பதும் அக்காட்சியிலேயே விளங்கிவிடுகின்றன.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. கடந்த ஒரு நூற்றாண்டாக உலகின் பல நாடுகளில் தொண்டூழியச் சங்கங்கள் பெண்ணுரிமையைத் தம் பணியாக மேற்கொண்டு வருகின்றன. அவற்றின் உறுப்பினர் ஊதியம் பெறுவதில்லை. நேரத்தையும் பொருளையும் தாமே அளிக்கின்றனர். அவர்களுடைய நல்லெண்ணத்தை ஐயுறுவதற்கு இடமில்லை. ஆயினும் கேட்கத்தக்க கேள்வி ஒன்றுண்டு. ஒருவருக்கு உரியதை அவருக்குத் தொண்டாக வழங்க இயலுமா? கடன் பட்டவன் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது எவரும் அவனை வள்ளல் என்று அழைப்பதில்லை. பெண்ணின் கல்வியும், ஊதியமும், அடிபடாமல் வாழும் வாழ்வும் அவளுக்கு உரியவை என்றால், அவற்றை அவளிடம் சேர்ப்பிப்பவர் நன்றிக்கு உரியவர் ஆவாரோ?

திருவள்ளுவர் ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தார். இரண்டும் ஒன்றாயின் இரண்டு அதிகாரங்கள் வேண்டியிரா. ஒப்புரவு ஊரோடு கூடி வாழ்பவன் ஆற்றும் கடமை. ஈகை இல்லாதவர்க்கு உள்ளவன் அளிப்பது. இவ்விரண்டிற்கும் நெடுந்தொலைவு முன்னரே, 12ஆம் அதிகாரமாக, நடுவு நிலைமை அமைந்துள்ளது. வைப்புமுறையைக் கொண்டு பெரிய முடிவுகளை நாட்டுதல் பொருந்தாது. ஆயினும் துலாக்கோல் பிழைபட்ட இடத்தில் கொடைக்கு என்ன மதிப்பு என்று அவ்வதிகாரத்தைப் படிப்பவன் கேட்டுப் பார்க்கலாம்.

இனி வரலாற்றுக்கு வரலாம். 1905இல் சிகாகோ நகரில் ரோட்டரி சங்கம் தோன்றியது. தன்னலத்திற்கு மேலாகத் தொண்டை வைக்க வேண்டும் என்பதே அதன் முழக்கமாக வளர்ந்தது. தொழிலிலும் வணிகத்திலும் சிறந்தோர் அதில் உறுப்பினராயினர். ஆனால் அச்சிறந்தோர் ஆண்களாக மட்டுமே இருக்கலாம் என்பது விதி. அடுத்த இருபது ஆண்டுகளில் பெண்கள் தமக்கெனத் தனி வழிகளைக் கண்டனர். 1919ஆம் ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், இதழாளரும் நாடக ஆசிரியருமான மேரியன் டி ஃபாரஸ்ட் முன்னின்று ஸோண்டா சங்கத்தைத் தோற்றுவித்தார். அமெரிக்கா முழுமைக்கும் பெண்களின் வாக்குரிமையை உறுதிசெய்த அரசியற்சட்டத் திருத்தம் 1920இல்தான் நிறைவேறியது. 1921இல் கலிபோர்னியாவின் ஓக்லண்டு நகரில் சொரோப்டிமிஸ்ட் சங்கம் எழுந்தது. அதன் முதல் தலைவர் வயலட் ரிச்சர்ட்சன் ஓர் ஆசிரியர். 1924இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் மார்கரெட் கோல்டிங் என்பார் ரோட்டரி உறுப்பினர்களின் மனைவியரைத் திரட்டி இன்னர் வீல் சங்கத்தை அமைத்தார். கணவன்மார் உள்ளே கூடினர். மனைவியர் வேறோரிடத்தில் கூடித் தொண்டாற்றினர். அக்காலத்து ஏற்பாடு அது.

அதே 1924இல் பாரிஸ் நகரில் சொரோப்டிமிஸ்ட் சங்கத்தை நிறுவியவர் சூசான் நோயல் என்னும் மருத்துவர். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு அறுவை மருத்துவம் செய்து முகத்தை மீட்டுத் தந்தவர்களுள் அவரும் ஒருவர். நாட்டுக்காகப் போரிட்டவனின் முகத்தைத் திருத்திய அக்கைகளுக்குத் தேர்தலில் வாக்குச்சீட்டு இடும் உரிமை இல்லை. பிரெஞ்சுப் பெண்கள் அவ்வுரிமையை 1944இல் பெற்று, 1945இல்தான் முதன்முறையாக வாக்களித்தனர். தொண்டு செய்யத் தகுதி உண்டு, ஆளத் தகுதி இல்லை என்று கருதும் நாடு தன் பெண்களுக்குத் தொண்டு என்னும் சொல்லையே ஒரு வேலியாகக் கட்டிவைக்கிறது.

இவ்வேலி எத்துணை உறுதியானது என்பதைக் கலிபோர்னியாவின் டுவார்ட்டே என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது காட்டும். அவ்வூர் ரோட்டரி சங்கத்தில் உறுப்பினர் தொகை குறைந்துகொண்டே வந்தது. 1977இல் அச்சங்கம் மூன்று பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. பெரும் புரட்சி செய்யும் எண்ணம் அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. சங்கம் நடைபெற வேண்டும், ஊரில் தகுதியுடைய பெண்கள் இருந்தனர், அவ்வளவே. மறு ஆண்டே உலகத் தலைமையகம் டுவார்ட்டே சங்கத்தின் உரிமத்தைப் பறித்தது. விலக்கப்பட்டோர் தம்மை முன்னாள் ரோட்டரி சங்கத்தார் என்று அழைத்துக்கொண்டு, சங்கச் சின்னத்தின் மேல் பெருக்கற்குறியிட்டுத் தொடர்ந்து கூடினர். வழக்கு கலிபோர்னிய நீதிமன்றங்களைக் கடந்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

அங்கே தலைமையகம் எடுத்துரைத்த வாதம் எண்ணத்தக்கது. யாரோடு கூடுவது, யாரை விலக்குவது என்பதைத் தீர்மானிக்கும் சுதந்திரம் தமக்கு உண்டு என்றனர். தொண்டு என்பது விரும்பிச் செய்வது; விரும்பிச் செய்வதில் யாரைச் சேர்ப்பது என்பதும் விருப்பத்தைப் பொறுத்ததுதானே என்பது இவ்வாதத்தின் அடியில் கிடக்கும் எண்ணம். இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒருவர் தம் வீட்டு விருந்துக்கு யாரை அழைக்கலாம் என்று சட்டம் கட்டளையிடுமாயின் அதுவும் கொடுமையே. ஆனால் அச்சங்கம் வீட்டு விருந்தன்று. ஊரின் தொழில்துறையினர் கூடி ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் இடம் அது. அறிமுகங்கள் வாய்ப்புகளாகும், வாய்ப்புகள் பதவிகளாகும். 1987ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் உச்ச நீதிமன்றம் டுவார்ட்டே பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பில் பங்கேற்ற எழுவரும் ஒருமித்திருந்தனர். அவ்வாண்டே சில்வியா விட்லாக் என்னும் பள்ளித் தலைமையாசிரியர் அச்சங்கத்தின் தலைவரானார். அதே 1987இல் தைப்பேயில் கூடிய அரிமா சங்க மாநாடும் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. ரோட்டரி 1989இல் உலகளாவிய தன் விதியை மாற்றியது. 2022இல் ஜெனிபர் ஜோன்ஸ் அதன் முதல் பெண் உலகத் தலைவராகப் பொறுப்பேற்றார்.

எண்பது ஆண்டுக் காலம் தொண்டையே மூச்சாகக் கொண்ட அமைப்பு, தன் கூட்ட மேசையில் இருந்த அநீதியைத் தானாகக் காணவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது. அவ்வுறுப்பினர் தீயவர் அல்லர். குடிநீர்க் கிணறு வெட்டினர், பார்வையிழந்தோர்க்கு உதவினர், பிள்ளைவாதத்தை உலகிலிருந்து ஒழிக்கும் முயற்சியில் அவர்கள் பங்கு பெரிது. ஈகையில் தேர்ந்த கண் நடுவுநிலைமையிலும் தானே தேர்ந்துவிடும் என்று நம்புவதற்கு இவ்வரலாறு இடந்தரவில்லை. பாண்டியனின் கதையும் அதுவே.

பெண்களே அமைத்த சங்கங்கள் இக்குறையிலிருந்து தப்பினவா? அவற்றின் மீதும் ஒரு குற்றச்சாட்டு நெடுங்காலமாக உண்டு. ஸோண்டாவும் சொரோப்டிமிஸ்டும் ரோட்டரியைப் போலவே ஒவ்வொரு தொழிலிலும் மேல்நிலை எய்தியோரைத் தேர்ந்து சேர்த்தவை. வானோடி அமீலியா ஏர்ஹார்ட் 1928இல் ஸோண்டாவில் சேர்ந்தார். 1937இல் அவர் பசிபிக் பெருங்கடலில் மறைந்த பின், அவர் பெயரால் 1938இல் வானூர்தித் துறை பயிலும் பெண்களுக்கான உதவித்தொகையை அச்சங்கம் ஏற்படுத்தியது. அது இன்றும் விண்வெளி அறிவியலில் முனைவர் ஆய்வு செய்யும் பெண்களுக்குச் செல்கிறது. வறுமையில் உழலும் பெண்ணுக்கு விண்கல ஆய்வு உதவித்தொகையால் என்ன பயன் என்று கேட்போர் உளர். இக்கேள்வி நியாயம்போல் தோன்றினும் முழு நியாயம் அன்று. பெண்ணால் இயலாது என்னும் சொல்லை ஒருத்தி பொய்யாக்கும்போது, அச்சொல்லைக் கேட்டு வளரும் சிறுமியர் அனைவர்க்கும் அதில் பங்குண்டு. அதே வேளையில், மேலே ஏறிய ஒருத்தியைக் காட்டிக் கீழே உள்ளோரின் குறையை அவர்தம் சோம்பலாக்கிவிடும் பழக்கமும் உலகில் உண்டு. இவ்வுதவித்தொகை எவ்வழியில் பயன்படுகிறது என்பது அதை மேடையில் எடுத்துரைப்போரின் நாவைப் பொறுத்தது.

ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் நிகழ்ந்தது இன்னும் ஆழமானது. அங்கே 1989இலிருந்து 2003 வரை, இடையே சிறிது ஓய்ந்து, உள்நாட்டுப் போர் நடந்தது. மருத்துவமனைகள் பாழாயின. மகப்பேற்றின்போது குழந்தை வெளிவர இயலாமல் நாட்கணக்கில் வலியுறும் பெண்ணுக்கு, உரிய நேரத்தில் அறுவை மருத்துவம் கிடைக்காவிடின், அழுத்தத்தால் திசுக்கள் குருதியோட்டம் இழந்து அழிகின்றன. பிறப்புப் பாதைக்கும் சிறுநீர்ப் பைக்கும் இடையே துளை விழுகிறது. குழந்தை பெரும்பாலும் இறந்தே பிறக்கிறது. தாய் உயிர் பிழைத்தாலும் இடையறாது சிறுநீர் கசிய, நாற்றத்திற்கு அஞ்சிக் கணவனும் ஊராரும் ஒதுக்க, மூலையில் வாழ்கிறாள். மிக இளவயதில் தாயாகும் பெண்களுக்கு இவ்விடர் மிகுதி. ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை நிதியத்தோடு சேர்ந்து, 2008 முதல் ஸோண்டா சங்கம் லைபீரியாவில் இந்நோய்க்கான அறுவை மருத்துவத்திற்கும், குணமான பெண்களின் தொழிற்பயிற்சிக்கும் பொருளுதவி செய்தது.

இதனைத் தொண்டு என்பதா, உரிமைப் பணி என்பதா? அறுவை மேசையில் கிடக்கும் பெண்ணுக்கு இக்கேள்வி வீண். அவளுக்கு வேண்டியது அன்றே வேண்டியது. சட்டம் திருந்தும்வரை பொறுத்திரு என்று அவளிடம் கூறுபவன் நீதியின் பெயரால் கொடுமை செய்பவன். ஆனால் அவளைப் பொறுத்தவரை முடிந்த கதை அவள் ஊரில் முடிவதில்லை. அவ்வூருக்குச் சாலை இல்லை, தாதி இல்லை, பதினான்கு வயதுப் பெண்ணின் திருமணத்தைத் தடுப்பார் இல்லை என்றால், ஒருத்தி குணமாகித் திரும்பும் வழியில் மற்றொருத்தி அதே மருத்துவமனைக்கு வந்துகொண்டிருப்பாள். தைத்த துளைகளை எண்ணி ஆண்டறிக்கையில் அச்சிடலாம். விழாமற்போன துளைகளை எண்ண முடியாது. அவற்றுக்காக நன்றி கூற எவளும் வரமாட்டாள். உரிமைக்காக உழைப்பதன் இடர்ப்பாடு இங்கேதான் உள்ளது. அப்பணி வெற்றி பெறும்போது நன்றி கூறுவோர் இல்லாமற் போகின்றனர்.

அதே லைபீரியாவில் சிலம்பேந்தியவர்களும் இருந்தனர். 2003இல் லேமா குபோவீ என்பாரின் தலைமையில் கிறித்தவப் பெண்களும் இசுலாமியப் பெண்களும் வெள்ளுடை அணிந்து தலைநகர் மன்ரோவியாவில் நாள்தோறும் அமர்ந்து அமைதி கோரினர். கானா நாட்டின் அக்ராவில் நடந்த பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது, அம்மண்டபத்தின் வாயிலை அடைத்து அமர்ந்து, முடிவு காணாமல் எவரும் வெளியேற முடியாது என்றனர். அவ்வாண்டு ஆகஸ்டில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. 2006இல் எல்லன் ஜான்சன் சர்லீஃப் அந்நாட்டின் அதிபராகப் பதவியேற்றார். அமைதிக்கான நோபெல் பரிசு 2011இல் இவ்விருவர்க்கும் ஏமன் நாட்டின் தவக்குல் கர்மானுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. வெளிநாட்டுச் சங்கத்தின் பொருள் இப்பெண்களுக்குப் போர் நிறுத்தத்தை வாங்கித் தந்திருக்க முடியாது. அவர்கள் அமர்ந்து போரை நிறுத்தியிராவிடின் அச்சங்கத்தின் அறுவை மேசையை வைக்க இடமும் இருந்திராது.

மலேசியத் தமிழாசிரியர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க அவர்தம் தொழில் வரலாறே போதும். மலாயாவில் பெண்ணாசிரியர்கள் ஒரே பணிக்கு ஆண்களினும் குறைந்த ஊதியம் பெற்றிருந்தனர். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இளவயதில் சேர்ந்து பர்மா வரை சென்று திரும்பிய ராசம்மா பூபாலன், பின்னர் ஆசிரியராகி, 1960இல் பெண்ணாசிரியர் தொழிற்சங்கத்தை நிறுவி அதன் தலைவரானார். சம ஊதியம் வேண்டும் என்ற அவர்களின் போராட்டம், அறுபதுகளின் இறுதியில் அரசுப் பணியில் அக்கொள்கை ஏற்கப்படும்வரை தொடர்ந்தது. அவ்வாசிரியைகளுக்கு அவ்வேளையில் எவரேனும் அன்பளிப்பாக ஆளுக்கொரு சேலை வழங்கியிருந்தால் அவர்கள் அதை ஏற்றிருப்பார்களா என்று மாணவர் எண்ணிப் பார்க்கட்டும். சிங்கப்பூரிலும் 1952இல் அமைந்த மாதர் மன்றம், ஷிரின் ஃபோஸ்டாரின் ஊக்கத்தால், பலதார மணத்தை எதிர்த்து இடைவிடாது வாதாடியது. 1961இல் மாதர் சாசனம் சட்டமாயிற்று. மன்றத்தின் பெண்கள் ஊதியம் பெறாத தொண்டூழியரே. அவர்கள் அரசிடம் கேட்டது நிதியுதவி அன்று, சட்டம்.

எனவே தொண்டூழியம் உரிமைக்குப் பகை என்று கூறுவது பிழை. கெடாவில் 1946, 47ஆம் ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளரிடையே எழுந்து கள்ளுக்கடைகளை எதிர்த்த இயக்கத்திற்குத் தொண்டர் படை என்றே பெயர். குடித்துவிட்டு வரும் கணவனின் கையால் அடிபட்ட தோட்டப்புறப் பெண்ணுக்கு அக்கடை மூடப்படுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை விளக்க வேண்டியதில்லை. அங்கே தொண்டர்கள் வெளியிலிருந்து வந்தோர் அல்லர். அதே லயங்களில் வாழ்ந்தோர். இருள் பிரியுமுன் எழுந்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பால்வெட்டச் சென்ற பெண்ணிடம் நகரத்துச் சங்கம் ஒன்று வந்து தையல் வகுப்பு நடத்தலாமா என்று கேட்டிருந்தால், அவள் மறுத்திருக்க மாட்டாள். தருவதை மறுப்பது மரியாதையன்று என்று வளர்ந்தவள். ஆனால் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் அவள் வாயிலிருந்து முதலில் வந்திருக்கக்கூடிய சொல் தையல் என்பதாக இருந்திராது.

கேட்கும் பழக்கம் தொண்டு நிறுவனங்களுக்கு அரிதாகவே வாய்க்கிறது. கொடுப்பவரின் கண் மேடையை நோக்கியிருக்கிறது. பெரிய அட்டையில் எழுதிய காசோலை, பொன்னாடை, நிழற்படம் ஆகியவற்றுக்கிடையே பெறுபவள் தலைகுனிந்து நிற்கிறாள். அவளுக்குச் சேர வேண்டியது சேர்ந்ததற்கு அவள் கைகூப்ப வேண்டியிருக்கிறது. இதற்காகச் சங்கத்தார் அனைவரையும் பழிப்பது நேர்மையன்று. படம் இல்லாவிடின் அடுத்த ஆண்டு நன்கொடை வராது என்று பொருளாளர் கூறுவதும் உண்மைதான். ஆயினும் உரிமையைப் பேசும் சங்கம் இம்மேடையைப் பற்றிச் சற்றேனும் கூச்சப்பட வேண்டும். உதவி பெற்றவள் அடுத்த ஆண்டு அதே சங்கத்தின் செயற்குழுவில் அமர்ந்து, இத்திட்டம் பயனற்றது என்று துணிந்து கூறும் நிலை உண்டா என்பதே அச்சங்கத்தைச் சோதிக்கத்தக்க கேள்வி. டுவார்ட்டேயில் எழுந்த வழக்கும் மேசையில் இடம் எவர்க்கு என்பதைப் பற்றியதே.

இன்னுமொன்று எஞ்சியிருக்கிறது. தொண்டூழியத்திற்கு முதற்பொருள் நேரம். மாலை ஆறு மணிக் கூட்டத்திற்கு ஒரு பெண் செல்ல வேண்டுமாயின், அந்நேரத்தில் அவள் வீட்டு அடுப்பை வேறொருவர் பார்க்க வேண்டும். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் பல வீடுகளில் அந்த வேறொருவர், தன் பிள்ளைகளைத் தொலைநாட்டில் விட்டுவந்த பணிப்பெண். அவள் சமைத்து, துவைத்து, முதியோரைக் குளிப்பாட்டி வைத்திருப்பதால்தான் பெண்ணுரிமை குறித்த உரையைக் கேட்க வீட்டுத் தலைவிக்கு நேரம் வாய்க்கிறது. இல்லப் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்பதைச் சிங்கப்பூர் 2013இல்தான் விதியாக்கியது. அப்போதும் ஓய்வுக்கு ஈடாகக் கூலி தந்து அவளை வேலை செய்ய வைக்க இடமிருந்தது. மாதத்தில் ஒரு நாளையேனும் எக்கூலிக்கும் ஈடாக்கக் கூடாது என்ற விதி 2023ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பும் தம் பணிப்பெண்ணை ஞாயிறுதோறும் மகிழ்வோடு வெளியே அனுப்பிய நல்ல உள்ளங்கள் பல உண்டு. அந்நாளில் அவள் வாயிற்படியில் நின்று, போய் வருகிறேன் அம்மா, நன்றி என்றாள். இப்போது மாதத்தில் ஒரு நாளேனும் அந்த நன்றியைச் சொல்லாமலே அவள் கதவைத் திறந்துகொண்டு போகலாம்.